மூன்று பேர் நிற்கும் படம்

ஜோனலின் யாரையும் லேசில் நம்பமாட்டாள். செபு தீவில், தலிசாய் ஊரில் அவள் இருக்கும் தெருவில் யாருடைய கைப்பேசிக்காவது வேலை அறிவிப்பு வந்தால், முதலில் அவள் முன்னால்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். துபாயில் ஹோட்டல் வேலை, தைவானில் தொழிற்சாலை, வீட்டிலிருந்தபடியே டைப் அடித்தால் போதும் என்று தினுசு தினுசாக வரும். அவள் சம்பளத்தைப் பார்ப்பதே இல்லை. ஆளைப் பார்ப்பாள். முகநூல் கணக்கை எப்போது திறந்தான், பிறந்தநாளுக்கு யாராவது வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்களா, முகப்புப் படத்தில் இருக்கும் அதே மூஞ்சி வேறு எங்காவது பல் டாக்டராக உட்கார்ந்திருக்கிறதா என்று துருவுவாள்.

“இவன் போன மாசம்தான் பொறந்திருக்கான். அதுக்குள்ள மேனேஜர் ஆயிட்டானாம்” என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வாங்கிக்கொள்பவர்களின் முகம் சுருங்கும். நல்லதே இவ வாயில வராது என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் வேறொரு அறிவிப்போடு அவளிடமே வந்து நிற்பார்கள்.

ஊருக்கெல்லாம் பார்த்துச் சொன்னவளுக்கு வேலை இல்லை. செபு நகரத்தில் அவள் ராத்திரி ஷிப்ட் பார்த்த கால் சென்டரை விட்டு அமெரிக்க வாடிக்கையாளர் போய்விட, ஒரு தளம் முழுக்க வெளியே வந்தது. அன்றிலிருந்து அனுப்பிய விண்ணப்பங்களுக்குக் கணக்கே இல்லை. ‘பார்த்தாச்சு’ என்ற அடையாளம் மட்டும் ஒழுங்காக வரும். பதில் வராது. அவளுக்கு ஆத்திரமாக இருக்கும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா?

ஒரே ஒரு இடத்தில் நேரில் கூப்பிட்டார்கள். தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம் பூசிய ஒரு பெண், ஜோனலினின் சான்றிதழைத் தொடக்கூட இல்லை. அவளுடைய முகநூலைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

“இவரு யாரு? எல்லாப் படத்துலயும் நிக்கிறாரே. உங்க அப்பாவா?”

“இல்ல மேடம். எங்க தெருவுல ட்ரைசைக்கிள் ஓட்டுறவரு. மனோங் குலாஸ்.”

“பட்டமளிப்பு விழாவுல கூட இருக்காரு. கையில வாழைப்பழத்தோட.”

“மூணு பேரா நின்னோம் மேடம். எங்க தியா விடமாட்டாங்க.”

அந்தப் பெண் செபுக்காரிதான். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று பேராகப் படம் எடுத்தால் நடுவில் நிற்பவர் முதலில் சாவார் என்பது அவள் வீட்டிலும் பேச்சுதான். “எங்க வீட்டுல பக்கத்து வீட்டு நாயத் தூக்கிக்குவோம். நாய் கணக்குல சேராதுன்னு எங்கம்மா சண்டைக்கு வருவாங்க” என்று சிரித்தாள். இரண்டு பேரும் நன்றாகவே சிரித்தார்கள். வேலை மட்டும் கிடைக்கவில்லை.

தியா பெலென், அதாவது பெலென் பெரியம்மா, ஜோனலினின் அம்மாவுக்கு அக்கா. அம்மா இறந்த பிறகு அவளைத் தூக்கிவந்து, தன் ஒரே மகள் டெஸ்ஸாவோடு ஒரே பாயில் படுக்கவைத்து வளர்த்தவள். கறாரான மனுஷி. எதில் வேண்டுமானாலும் விட்டுக் கொடுப்பாள், இந்த மூன்று பேர் விஷயத்தில் மட்டும் மாட்டாள். ஞானஸ்நானமோ பிறந்தநாளோ, மூன்று தலை சேர்ந்து கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தால் போதும், அடுப்படியிலிருந்து சத்தம் வரும். உடனே யாராவது தெருமுனைக்கு ஓடி மனோங் குலாஸை இழுத்துவருவார்கள். சவாரியைக்கூட நிறுத்திவிட்டு வந்து நின்றிருக்கிறார். வந்தவருக்கு ஒரு தட்டுச் சோறு உண்டு என்பதால் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

டெஸ்ஸா கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாங்காக்குக்குப் போனாள். முகநூலில் பார்த்த வேலை. ஜோனலின் அப்போதே துருவிப் பார்த்து, அக்காவிடம் “மனாங், இந்த ஆளு சரியில்ல” என்றாள். “உனக்கு போப்பாண்டவர் கூடத்தான் சரியில்ல” என்று சொல்லிவிட்டு டெஸ்ஸா விமானம் ஏறினாள். முதலில் படங்கள் வந்தன. பிறகு கொஞ்ச நாள் ஒன்றுமே இல்லை. பிறகு திடீரென்று மெசஞ்சரில் ஜோனலினுக்கே செய்தி வந்தது. இங்கே ஆள் எடுக்கிறார்கள், வாடிக்கையாளர் சேவை, தங்க இடமும் சாப்பாடும் கம்பெனி பொறுப்பு, டிக்கெட்டும் அவர்களே போடுவார்கள், நீ வா.

ஜோனலினுக்கு முதல் வரியிலேயே மூக்கு விடைத்தது. டெஸ்ஸா எழுதினால் முதலில் ஊர் வம்பு கேட்பாள். யார் யாரோடு ஓடிப்போனார்கள், மனோங் குலாஸ் வண்டிக்கு புது பெயிண்ட் அடித்துவிட்டாரா என்று கேட்காமல் ஒரு செய்தியும் முடியாது. இதில் அப்படி எதுவும் இல்லை. வீடியோவில் வா என்றால் நெட் சரியில்லை என்றாள். யாரோ கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று தோன்றியது.

சோதித்தாள். ‘சின்ன வயசுல கோயில் பெஞ்சுக்கு அடியில என்ன ஒளிச்சு வச்சோம்?’

பதில் வர நேரமானது. ‘உன் விழுந்த பல்லு. சாந்தோ நீன்யோ சாமி புதுப் பல்லு குடுப்பாருன்னு நான் சொன்னேன், நீ நம்பின.’

டெஸ்ஸாதான். அது வேறு யாருக்கும் தெரியாது. ஜோனலினுக்குப் பாதி உயிர் திரும்பியது. ஆள் உண்மை என்றால் வேலையும் உண்மை என்று அவள் மனம் தாவிக்கொண்டது. தெருவில் வேறொருத்தி இப்படித் தாவியிருந்தால் தலையில் குட்டியிருப்பாள்.

சில நாள் கழித்து டெஸ்ஸாவின் பக்கத்தில் ஒரு படம் வந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் மூன்று பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் சிரிப்பு. நடுவில் டெஸ்ஸா. ‘எங்கள் டீம்! ஆட்கள் தேவை, எனக்கு எழுதுங்கள்’ என்று கீழே போட்டிருந்தது.

ஜோனலின் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். “தியா! உங்க பொண்ணு லட்சணத்தப் பாருங்க. மூணு பேரு. அதுலயும் நடுவுல!”

தியா கூரை இடிய ஒரு கத்து கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். தியா கரண்டியை வைத்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “வெளிநாட்டுல யாரு இதெல்லாம் பாக்குறா, இண்டாய் கண்ணு” என்றாள். பிறகு தன் கைப்பேசியை எடுத்து அந்தப் படத்துக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டாள்.

ஊரைவிட்டுப் போனவளுக்கு ஊர் பயமும் விட்டுப்போச்சு போல, தியாவுக்கும் வயதாகி மனம் இளகிவிட்டது போல என்று ஜோனலின் நினைத்துக்கொண்டாள். மனுஷர்கள் மாறுவது நல்லதுதானே.

அதற்குப் பிறகு தியா விடவில்லை. போ, போ என்று காலையும் மாலையும் அதே பேச்சு. ஏஜென்ட் ஆல்வின் என்று ஒருவன் டிக்கெட்டை அனுப்பினான். விமான நிலையத்தில் அதிகாரிகள் கேட்டால் வேலைக்கு என்று சொல்லாதே, சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல் என்றான். தோழியோடு கடற்கரைக்கு என்று சொல்லிப் பழகிக்கொள் என்று வசனம்கூட எழுதிக் கொடுத்தான்.

“தியா, நேரான வேலைக்கு எதுக்குப் பொய்?” என்றாள் ஜோனலின். “இவன் கணக்குல ஒரு பிறந்தநாள் வாழ்த்துகூட இல்ல. அம்மா அப்பா இல்லாமலா பொறந்தான்?”

“எல்லாரும் அப்படிச் சொல்லித்தான் போறாங்க.”

“டெஸ்ஸா ஏன் ஒரு தடவைகூட முகத்தக் காட்டிப் பேசமாட்டேங்குறா?”

தியா திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “நான் பெத்த பொண்ணு உன்னக் கூப்பிடுறா. அவளக்கூடவா சந்தேகப்படுவ? எத்தன நாளைக்கு இப்படி எல்லார் மூஞ்சியையும் துருவிக்கிட்டு வீட்டுல உக்காந்திருப்ப?”

அது சுருக்கென்று தைத்தது. இந்த வீட்டில் தின்ற சோறு அத்தனையும் ஜோனலினின் தொண்டையில் வந்து நின்றது. சரி என்று சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர கண் ஓயவில்லை. தியாவுக்கு அழைப்பு வந்தால் பின்கட்டுக்குப் போய், துணிக்கொடிக்கு நடுவே நின்று பேசுகிறாள். ஜோனலினைப் பார்த்ததும் வைத்துவிடுகிறாள். சாந்தோ நீன்யோ என்ற குழந்தை ஏசு சொரூபத்துக்கு அடியில் டெஸ்ஸாவின் சின்ன வயதுப் படத்தைச் செருகி வைத்திருக்கிறாள். தட்டில் போட்ட சோற்றைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறாள். பிரிகிற துக்கம் என்று ஜோனலின் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். துக்கப்படுகிறவள் எதற்கு முகத்தைப் பார்க்காமல் பெட்டி கட்டுகிறாள்?

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு மதியம் வழியனுப்பு விருந்து. பெரிய வாணலி நிறைய பான்சித் நூடுல்ஸ், கருவாடு, ஓலைப் பொதியில் வெந்த சோறு, கோழி. தெருவே வந்து தின்றது. கரோக்கி பாட்டுப் பெட்டியில் பெண்கள் மாறி மாறி அழுகைப் பாட்டாகப் பாடினார்கள். “நீ போயிட்டா எங்களுக்கு யாரு பாத்துச் சொல்றது? மாட்டிக்கிட்டா உன் பேரத்தான் சொல்லுவோம்” என்று ஒருத்தி சீண்ட, எல்லோரும் சிரித்தார்கள்.

ஜோனலினோடு படித்த லென்லென் கிளம்பும்போது, “வா, ஒரு படம் எடுத்துக்கலாம். தியா, நீங்களும் வாங்க” என்று இரண்டு பேரையும் இழுத்து அணைத்துக்கொண்டு கைப்பேசியை நீட்டினாள். தியா பெலென் அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்துவிட்டாள்.

“நிறுத்து!” தியா அலறிய அலறலில் பாட்டுப் பெட்டிக்காரி வாயை மூடிக்கொண்டாள். “மூணு பேரு! கண்ணு தெரியல? ஏய் குலாஸ்! எங்க போன? வந்து நில்லு!”

மனோங் குலாஸ் கோழிக்காலோடு ஓடிவந்து ஓரத்தில் நின்று பல்லைக் காட்டினார். லென்லென் எடுத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜோனலின் சிரித்தபடியே நின்றாள். வெளிநாட்டில் யார் பார்க்கிறார்கள் என்று சொன்ன மனுஷி இவள். மனம் இளகவில்லை, எதுவும் மாறவில்லை. அந்தப் பயம் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் அன்று பெற்ற மகளை நடுவில் பார்த்தபோது இவள் ஏன் கத்தவில்லை? டெஸ்ஸாவும் இவள் வளர்த்தவள்தானே. கூட நின்ற இருவரில் யாரை வேண்டுமானாலும் நடுவில் தள்ளிவிட்டிருக்கலாம், அங்கே பெருக்குகிறவளையாவது நாலாவதாகக் கூப்பிட்டிருக்கலாம். டெஸ்ஸா தெரிந்தேதான் நடுவில் போய் நின்றிருக்கிறாள்.

கூட்டம் கலைந்ததும் தியா பின்கட்டுக் குழாயடியில் பாத்திரத்தோடு உட்கார்ந்தாள். ஜோனலின் எதிரில் போய்க் குந்தினாள்.

“தியா, அந்தப் படத்துக்கு ஏன் ஹார்ட் போட்டீங்க?”

“எந்தப் படம்?”

“உங்களுக்குத் தெரியும்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தியா ஒரே தட்டைத் தேய்த்தாள், திரும்பத் திரும்பத் தேய்த்தாள். ஜோனலின் குழாயை மூடினாள்.

“போடலைன்னா நீ கேட்டிருப்ப” என்றாள் தியா. “டெஸ்ஸா ஒரே ஒரு தடவ போன்ல கூப்பிட்டா. பாங்காக்கே இல்லையாம். எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கயோ, முள்வேலி போட்ட கட்டடம். ராத்திரி பகலா போன்ல ஆளுங்கள ஏமாத்தி பணம் பறிக்கிற வேலை. முடியலைன்னா அடிக்கிறாங்க. அப்புறம் ஒருத்தன் போன வாங்கி, தங்கச்சி ஒருத்தி இருக்கால்ல, இங்கிலீஷ் நல்லாப் பேசுவாளாமே, அவள அனுப்பு, இவள விட்டுடுறோம்னான். அதுக்கப்புறம் வேற வேற நம்பர்லேர்ந்து அவனேதான் கூப்பிடுறான்.”

“டெஸ்ஸா என்ன சொன்னா?”

தியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சொல்லுங்க தியா. அவ என்ன சொன்னா?”

“பின்னாடி நின்னு ‘வேணாம்மா, வேணாம்மா’ன்னு கத்தினா. அடிச்சாங்க. நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன். அப்புறம் அந்தப் படம் வந்துச்சு. உனக்காகத்தான் போட்டிருக்கா. பாத்த உடனே புரிஞ்சுபோச்சு எனக்கு. நீ அதயும் தூக்கிக்கிட்டு என்கிட்டயே ஓடிவந்த. நான்தான்... நீ கெட்டிக்காரி, எப்படியாவது தப்பிச்சுக்குவன்னு...”

“கெட்டிக்காரின்னு அனுப்பினீங்களா, வளத்த பொண்ணுதானேன்னு அனுப்பினீங்களா?”

தியா தேய்த்த தட்டையே மறுபடி கையில் எடுத்தாள். ஜோனலின், இத்தனை வருஷம் தெருவில் உள்ளவர்களின் கைப்பேசியை எல்லாம் துருவியவள், சோறு போட்ட கையைத் துருவவில்லை. அதைவிட அவளை உலுக்கியது டெஸ்ஸாதான். ஜோனலின் விமானம் ஏறியிருந்தால் டெஸ்ஸாவை விட்டிருப்பார்களோ என்னவோ. அது தெரிந்தும் வராதே என்று சொல்வதற்காகத் தன்னையே கொண்டுபோய் நடுவில் நிறுத்தியிருக்கிறாள். ஜோனலின் குழாயடியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தியாவை அவள் மன்னிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை தியாவின் கையைப் பிடித்து ஜீப்னி வண்டியில் ஏற்றியது அவள்தான்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசு அலுவலகத்தில் வாசல்வரை ஆள். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் நிறைய அழுகையைப் பார்த்துச் சலித்தவள் போலத் தெரிந்தாள். “உங்க பொண்ணு தானாப் போனா, தானா எழுதுறா, சிரிச்சு படமும் போட்டிருக்கா. கட்டாயப்படுத்தி வச்சிருக்காங்கன்னு எத வச்சுச் சொல்றீங்க?” என்றாள்.

தியா போனில் கேட்டதைச் சொன்னாள். அழைத்த எண் எதுவும் இப்போது உயிரோடு இல்லை. ஜோனலின் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

“நடுவுல யாரு?”

“எங்க டெஸ்ஸா.”

“இந்த விஷயமெல்லாம் பாக்குற வீடா உங்களுது?”

“பொறந்ததுலேர்ந்து ஒரு மூணு பேர் படம் கிடையாது மேடம். நீங்களே பாருங்க.”

அந்த அம்மாள் டெஸ்ஸாவின் பழைய படங்களைக் கீழே கீழே தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் மனோங் குலாஸ் இருந்தார். அவள் சிரிக்கவில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். பேசி முடித்துவிட்டு, “வரமாட்டேன்னு மட்டும் எழுதிடாத. காய்ச்சல், தேதிய மாத்துங்கன்னு எழுது. இடத்தக் கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த ஏஜென்டுக்குச் சந்தேகம் வரக்கூடாது” என்றாள்.

ஆல்வினுக்குக் காய்ச்சல் செய்தி போனது. அவனும் ‘உடம்பைப் பார்த்துக்கொள் சகோதரி’ என்று பூப்போட்டுப் பதில் எழுதினான். டெஸ்ஸாவுக்கு என்ன எழுதுவது? எதை எழுதினாலும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒருவன் படிப்பான். படம் வீணாகப் போய்விட்டது, தங்கை வந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்து அவள் ஏதாவது செய்துகொண்டால்? ஜோனலின் பைத்தியம் பிடித்தவள்போல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள்.

“லென்லெனக் கூப்பிடு, அவ படத்துக்குப் படமே பதில்” என்றாள் தியா.

தியா விருந்துக்குப் போட்ட அதே பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை சீவி, உதட்டுக்குச் சாயம்கூடப் பூசி வந்திருந்தாள். மனோங் குலாஸை வரவழைத்து, கைப்பேசியை அவர் கையில் கொடுத்தாள். பெட்டியைப் பக்கத்தில் வைத்து, லென்லெனை ஒரு பக்கமும் ஜோனலினை ஒரு பக்கமும் நிற்கச் சொன்னாள்.

மனோங் குலாஸ் பார்த்தார். “பெலென், மூணு பேரு. இரு, கல்லுமேல போன சாய்ச்சு வச்சுட்டு நானும் வந்துடுறேன்.”

“நீ வராத. எடு.”

“நான் நடுவுல நிக்கிறேன் தியா” என்றாள் ஜோனலின்.

“உன்ன ஒரு தடவ நடுவுல நிறுத்தியாச்சு. போதும்.” தியா இருவர் தோளிலும் கை போட்டாள். “எடு குலாஸ். நல்லா சிரிச்ச மாதிரி எடு.”

‘எங்கள் ஜோனலின் சீக்கிரம் பாங்காக் வருகிறாள்’ என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி தியாவின் பக்கத்தில் போட்டார்கள். முதலில் வந்த இதயம் ஆல்வினுடையது. தெருக்காரர்கள் சிலர், ‘தியா, மூணு பேரா?’ என்று பதறி எழுத, ஜோனலின் ஒவ்வொன்றாக அழித்தாள். டெஸ்ஸாவிடமிருந்து எதுவும் இல்லை. மதியச் சோறு ஆறியது. மனோங் குலாஸ் சவாரிக்குப் போகாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. டெஸ்ஸாவின் பெயரில் சிவப்பு இதயம் ஒன்று விழுந்தது. ஜோனலினுக்கு அது போதவில்லை. இதயத்தை யார் விரலும் அழுத்தலாம். தியாவும் ஒருநாள் அழுத்தினாளே. திரையையே பார்த்தாள். கீழே எழுத்து ஓடும் புள்ளிகள் வந்தன, நின்றன, மறுபடி வந்தன.

‘அழகா இருக்கீங்கம்மா. மனோங் குலாஸ் எங்க போயிட்டாரு?’

தியா கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். லென்லென் அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

மனோங் குலாஸ் எழுந்து வந்தார். தியாவின் கையிலிருந்து கைப்பேசியை மெல்ல வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இங்கதான்டி இருக்கேன்” என்றார் அந்தத் திரையைப் பார்த்து. “நீ வா, நிக்கிறேன்.”